கற்பலகையில் கணிதம் கண்ட இராமானுஜன்

கடைக்குச் செல்லும் சிறுவன் ஒருவன் 3 வெள்ளிக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு 10 வெள்ளித் தாளை நீட்டுகிறான். கடைக்காரர் தரும் மீதத்தை எண்ணிப் பார்க்கிறான். 7 வெள்ளி இருந்தால் மனநிறைவோடு வீடு திரும்புகிறான். 3 உடன் எதனைக் கூட்டினால் 10 ஆகும் என்னும் சமன்பாட்டைத் தான் தீர்த்துவிட்டதை அவன் அறியான்.

நம் தெப்ராவ் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் பாட்டன் பாட்டிமார் உழைத்த காலத்திலும் இத்தகைய கணக்கு இருந்தது. வாளிகளில் கொணர்ந்த பாலை முதலில் நிறுப்பர். நீர் போக அதில் எஞ்சும் இரப்பர் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் கருவி கொண்டு அளப்பர். பின்னர் இரண்டையும் பெருக்கி ஏட்டில் எழுதுவர். 20 கிலோ பாலில் நூற்றுக்கு 30 பங்கு இரப்பர் இருக்குமானால் கிடைப்பது 6 கிலோ. பெருக்கல் அறிந்தவர் கிராணியின் ஏட்டை ஒருமுறை நோக்கி, எழுதியது சரிதானா என்று கண்டுகொள்ள முடிந்தது. அறியாதவரோ சொன்னதை நம்புவதன்றி வேறு வழியிலராய் நின்றனர்.

சமன் குறிக்கு இப்பாலும் அப்பாலும் இருப்பவை ஒன்றே என்று உறுதி கூறுவது சமன்பாடு. உறுதி கூறினால் மட்டும் போதுமா? அவ்வுறுதி மெய்யென்று காட்டவும் வேண்டுமன்றோ? தம் வாழ்நாள் முழுவதும் சமன்பாடுகளை எழுதிக் குவித்து, அவற்றை மெய்யென்று காட்டும் பொருட்டுக் கடல் கடந்து சென்ற தமிழகத்து மேதை ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டியார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் குப்புசாமி சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிவந்தார். தாயார் கோமளத்தம்மாள். சாரங்கபாணி கோயிலின் சந்நிதித் தெருவில் ஒரு சிறிய வீடு அவர்களுடையது. வருவாய் குறைவு. ஆதலால் கல்லூரி மாணவர் சிலரை வீட்டில் தங்கவைத்து, அவர்கள் தரும் பணத்தைக் கொண்டும் குடும்பம் நடந்தது. இரண்டு வயதில் இராமானுஜனை அம்மை நோய் தாக்கியது. அந்நாளில் அந்நோய் பல குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. இவர் பிழைத்தார்.

தொடக்கப்பள்ளித் தேர்வை 1897இல் எழுதியபோது மாவட்டத்திலேயே முதல் மதிப்பெண் பெற்றார். அப்போது அவருக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1 வரும் என்று ஆசிரியர் கற்பித்தபோது, சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தாலும் 1 வருமோ என்று இச்சிறுவர் வினவினார் என்பர். பழங்கள் இல்லாதபோது, உண்பாரும் இல்லாதபோது, ஆளுக்கு எத்தனை என்று எவ்வாறு சொல்வது? நம் வகுப்பறைகளிலும் இவ்வினா எழுந்தால் நன்று.

பின்னர் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். வீட்டில் தங்கியிருந்த மாணவர்களிடம் இருந்த கணிதத்தையெல்லாம் விரைவிலேயே கற்றுத் தீர்த்துவிட்டார். லோனி என்பார் எழுதிய கோணவியல் நூல் கல்லூரி மாணவர்க்குரியது. அதனைப் பதின்மூன்றாம் வயதளவில் கசடறக் கற்றுத் தேர்ந்தார். 1903இல் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ 5,000 கணித முடிவுகளை அடுக்கித் தந்த நூல் அது. முடிவுகள் இருந்தன, அவற்றை அடைந்த வழி பெரும்பாலும் இல்லை. வேறொருவராயின் அந்நூலை மூடி வைத்திருப்பார். இராமானுஜனோ ஒவ்வொரு முடிவையும் தாமே மெய்யெனக் கண்டறியத் தொடங்கினார். வழியில் புதிய முடிவுகளும் தோன்றின. கார் எழுதியது போலவே, முடிவை மட்டும் எழுதி வழியை விட்டுவிடும் பழக்கமும் அவரிடம் படிந்துவிட்டது. நன்மையும் இடரும் ஒரே நூலிலிருந்து வந்தன என்றே நாம் கருதுகிறோம்.

1904இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்திற்கான பரிசு அவருக்கே கிடைத்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடமும் கிடைத்தது. ஆனால் கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டார். தேர்வில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். அடுத்த ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் அதே நிலைதான். உடலியல் முதலிய பாடங்களில் அவர் பெற்ற மதிப்பெண் மிகக் குறைவு. இருமுறை தேர்வெழுதி இருமுறையும் தோற்றார். பட்டமும் இல்லை, வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை.

அவரிடம் இருந்தவை ஒரு கற்பலகையும் சில குறிப்பேடுகளுமே. காகிதம் விலையுயர்ந்த பொருள். ஆகவே கணக்குகளையெல்லாம் கற்பலகையில் போடுவார், பலகை நிறைந்தால் முழங்கையால் அழிப்பார், மீண்டும் போடுவார். இறுதியில் கிடைத்த முடிவு மட்டுமே குறிப்பேட்டில் ஏறும். துணியைத் தேடி அழிப்பதற்குக்கூடப் பொறுமை இல்லை! அவர் முழங்கையில் எத்தனை அரிய செய்வழிகள் துகளாய் உதிர்ந்தனவோ!

நாமக்கல் நாமகிரித் தாயாரே தமக்குக் கனவில் கணிதம் அருள்வதாக இராமானுஜன் நம்பினார். அவர்தம் பக்தியை நாம் மதிக்கிறோம். எனினும் கனவை மட்டும் பெரிதாகப் பேசி, வீட்டுத் திண்ணையில் கால் மடக்கி அமர்ந்து பல மணி நேரம் கற்பலகையோடு போராடிய உழைப்பை மறைத்துவிடுதல் நேர்மையாகாது.

1909இல் ஜானகி அம்மையாரை மணந்தார். குடும்பப் பொறுப்பு வந்தது. குறிப்பேடுகளைக் கையில் ஏந்தி வேலை தேடி அலைந்தார். 1910இல் திருக்கோயிலூரில் துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயரைக் கண்டு எழுத்தர் வேலை கேட்டார். அவரோ இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்தவர். ஏடுகளைப் புரட்டிப் பார்த்த அவர், இத்தகைய ஆற்றலை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் புதைக்க விரும்பாமல், சென்னையிலுள்ள கணித அறிஞர்களிடம் அனுப்பிவைத்தார். அவர்கள் வழியாக நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் தொடர்பு கிட்டியது. அவர் தம் சொந்தப் பணத்திலிருந்து திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்தார்.

கணிதக் கழகத்தின் இதழில் 1911இல் இராமானுஜன் ஒரு வினாவை வெளியிட்டார். அவ்வினாவை நாமும் சற்றுப் பார்ப்போம். வாய்பாடும் வர்க்கமூலமும் அறிந்தோர்க்கு அது விளங்கும். 2 இன் பக்கத்தில் ஒரு வர்க்கமூலம். அதனுள்ளே 3 இன் பக்கத்தில் இன்னொரு வர்க்கமூலம். அதனுள்ளே 4 இன் பக்கத்தில் மற்றொன்று. இவ்வாறு முடிவே இல்லாமல் உள்ளே உள்ளே செல்கிறது: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))). இதன் மதிப்பு யாது? மூன்று இதழ்கள் வெளிவந்தன. ஆறு திங்கள் கழிந்தன. விடை அனுப்பியவர் எவரும் இலர்.

விடை 3. ஆம், வெறும் 3 தான்! எவ்வாறு? 3 × 3 = 9. அந்த 9 ஐ 1 + 2 × 4 என்று எழுதலாம். ஆகவே 3 என்பது √(1 + 2 × 4). இனி உள்ளே இருக்கும் 4 ஐ நோக்குவோம். 4 × 4 = 16; அது 1 + 3 × 5. ஆகவே 4 என்பது √(1 + 3 × 5). உள்ளே இருக்கும் 5 ஐ நோக்கினால் 5 × 5 = 25; அது 1 + 4 × 6. இப்படியே 6, 7, 8 என்று இறங்கிக்கொண்டே போகலாம். ஓர் எண்ணைத் தன்னால் பெருக்கினால் வருவது, அதற்கு முந்திய எண்ணையும் பிந்திய எண்ணையும் பெருக்கி 1 கூட்டியதற்குச் சமம். பெருக்கல் வாய்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்காம் ஆண்டு மாணவரும் இதனைச் சோதிக்கலாம். முடிவில்லாத படிக்கட்டின் நேர்த்தியான நிறுவலுக்கு மேல்வகுப்புக் கணிதம் வேண்டும். ஆனால் படிக்கட்டின் ஒவ்வொரு படியும் நம் வகுப்பறைக் கரும்பலகையில் இருப்பதுதான்.

1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. நம் நாட்டு வழக்கில் சொன்னால் கிராணி வேலை. அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும், கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இவர் அருமையை உணர்ந்தவர்கள். இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்கு எழுதுமாறு ஊக்கினர். இருவர்க்கு எழுதினார்; பயனில்லை. 1913 ஜனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஹார்டிக்கு எழுதினார். தாம் பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர், ஆண்டுக்கு 20 பவுன் பெறும் எழுத்தர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகளை இணைத்திருந்தார். நிறுவல்கள் இல்லை.

ஹார்டி முதலில் ஐயுற்றார். முன்பின் அறியாதவர் ஒருவர் நெடுந்தொலைவிலிருந்து ஏமாற்றுகிறாரோ என்றும் எண்ணினார். அன்றிரவு தம் நண்பர் லிட்டில்வுட்டோடு அமர்ந்து அத்தாள்களை ஆராய்ந்தார். சில முடிவுகள் முன்பே அறிந்தவை. சில முயன்றால் நிறுவக்கூடியவை. சிலவோ அவர்கள் கண்டும் கேட்டுமிராதவை. பொய்யாகப் புனைவதற்கும் இத்தகைய கற்பனை எவரிடமும் இராது. ஆகவே இவை மெய்யாகவே இருத்தல் வேண்டும் என்று முடிவு கட்டினார். உடனே மறுமொழி எழுதினார். அம்மறுமொழியில் அவர் வற்புறுத்திக் கேட்டது ஒன்றுதான்: நிறுவல்களை அனுப்புக.

ஹார்டி கேட்டது சரிதானா? சரியே. பகா எண்கள் ஓர் எல்லைக்குள் எத்தனை உள்ளன என்பதற்கு இராமானுஜன் கண்ட வாய்பாடு, அவர் நம்பியதுபோல் துல்லியமானதன்று என்று பின்னர்த் தெரியவந்தது. மேதையின் சமன்பாடும் சோதனைக்கு உட்பட்டதே. கிராணியின் ஏட்டைப் போலவே அதனையும் ஒருவர் நோக்கிச் சரிபார்த்தாக வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் திங்களுக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. இங்கிலாந்து செல்லக் கூடாதென்பது குடும்பத்தின் கட்டுப்பாடு. கடல் கடந்தால் சாதி கெடும் என்பது அக்கால வழக்கம். தாயார் பிறகு மனம் இசைந்தார். 1914 மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் புறப்பட்டு, ஏப்பிரல் திங்களில் இலண்டன் அடைந்தார். குடுமி நீக்கி, மேலை உடை அணிந்து, மனைவியையும் தாயையும் விட்டுப் பிரிந்து சென்ற அந்த இளைஞருக்கு அப்போது வயது 26.

சில திங்களில் முதல் உலகப் போர் மூண்டது. இராமானுஜன் புலால் உண்ணாதவர். தம் அறையில் தாமே சமைத்து உண்டார். போர்க்காலத்தில் காய்கறியும் பழமும் அரிதாயின. குளிரும் தனிமையும் வாட்டின. எனினும் ஹார்டியோடு சேர்ந்து செய்த ஆராய்ச்சி தளரவில்லை. நிறுவல் என்னும் ஒழுக்கத்தை அவர் அங்கே கற்றார். 1916இல் ஆராய்ச்சிக்காகவே பட்டம் பெற்றார்; இருமுறை தேர்வில் தவறியவர்க்குக் கேம்பிரிட்ஜ் தந்த பட்டம் அது.

இருவரும் செய்த பணிகளுள் ஒன்றை நாம் எளிதாக உணரலாம். 4 ரம்புத்தான் பழங்களைக் குவியல்களாகப் பிரித்து வைக்க எத்தனை வழிகள் உண்டு? நான்கும் ஒரே குவியல், 3 உம் 1 உம், 2 உம் 2 உம், 2 உம் 1 உம் 1 உம், நான்கும் தனித்தனியே. ஆக 5 வழிகள். 5 பழங்களுக்கு 7 வழிகள். 10 பழங்களுக்கு 42. இதுவரை விரல் விட்டு எண்ணிவிடலாம். 100 பழங்களுக்கு? 19 கோடியே 5 இலட்சத்து 69 ஆயிரத்து 292 வழிகள்! எழுதிப் பார்க்க ஓர் ஆயுள் போதாது.

எழுதிப் பாராமலே இவ்வெண்ணைக் காண ஒரு வாய்பாடு உண்டா என்று இருவரும் தேடினர், கண்டனர், 1918இல் வெளியிட்டனர். மக்மகோன் என்னும் முன்னாள் படை அதிகாரி, 200 வரையுள்ள எண்களுக்கு இவ்வழிகளைக் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். 200க்கு அவர் கண்ட விடை 3,972,999,029,388. வாய்பாட்டைக் கொண்டு கணக்கிட்டபோது இதே எண் வந்தது. வேறுபாடு 1 இல் ஆயிரத்தில் நான்கு பங்கு மட்டுமே. இருவேறு வழிகளில் சென்று ஒரே இடத்தில் சந்திப்பதினும் சிறந்த சரிபார்ப்பு எது?

மக்மகோனின் அப்பட்டியலை நோக்கியே இராமானுஜன் இன்னொன்றையும் கண்டார். 4 பழங்களுக்கு 5 வழி, 9 பழங்களுக்கு 30, 14க்கு 135, 19க்கு 490. எண்ணின் கடைசி இலக்கம் 4 அல்லது 9 ஆயின், வழிகளின் எண்ணிக்கை 5ஆல் மீதியின்றி வகுபடும். ஆயிரக்கணக்கான கண்கள் பட்டியலைக் காணலாம்; காண வேண்டியதைக் கண்டவர் அவர். பிறகு அதனை நிறுவியும் காட்டினார்.

1729 என்னும் எண்ணைப் பற்றிய கதையை நம் மாணவர் பலரும் கேட்டிருப்பர். நோயுற்றிருந்தவரைக் காண ஹார்டி வந்த வாடகை வண்டியின் எண் அது. சுவையற்ற எண் என்று ஹார்டி கருத, இரண்டு கன எண்களின் கூட்டலாக இருவேறு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று படுக்கையிலிருந்தவாறே இராமானுஜன் விளக்கினார். 1 உம் 1,728 உம் சேர்ந்தால் 1,729. 729 உம் 1,000 உம் சேர்ந்தாலும் 1,729. அவை முறையே 1, 12, 9, 10 ஆகியவற்றின் கனங்கள்.

ஆம், அவர் நோயுற்றிருந்தார். 1917 முதல் மருத்துவமனைகளிலும் நலவாழ்வு இல்லங்களிலும் காலம் கழிந்தது. காசநோய் என்றே அன்று எண்ணினர். ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994இல் ஒரு மருத்துவ ஆய்வு கருதியது. படுக்கையில் கிடந்த அந்நாளிலேயே புகழும் வந்தது. 1918இல் இங்கிலாந்தின் அரச கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் ஆனார். அக்கல்லூரியில் அப்பேறு பெற்ற முதல் இந்தியர் அவரே.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளிக்க முன்வந்தது. அதற்கு இராமானுஜன் 1919 ஜனவரியில் எழுதிய மடல் நம் நெஞ்சைத் தொடுகிறது. தொகை தமக்கு மிகுதி என்றார். பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் தந்து, தம் செலவும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்க்கும் பெற்றோரற்ற சிறுவர்க்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்துமாறு வேண்டினார். உதவித்தொகை பறிபோனதால் கல்லூரியை விட்டவர் அல்லரோ அவர்!

1919 மார்ச்சில் பம்பாய் வந்திறங்கினார். உடல் தேறவில்லை. மெலிந்த அவ்வுடலை ஜானகி அம்மையார் அருகிருந்து காத்தார். வலியின் நடுவிலும் கணக்குப் போடுவதை அவர் நிறுத்தவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசி மடலில்கூடத் தாம் புதிதாகக் கண்ட ஒருவகைச் சார்புகளைப் பற்றியே எழுதினார். அவ்வாண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் அவர் உயிர் பிரிந்தது. வயது 32. அந்தோ!

பழங்களைக் குவியலாக்கும் கணக்கு எதற்குப் பயன்படும் என்று சிலர் நகைக்கலாம். அணுவின் கருவில் ஆற்றல் எத்தனை வகையாய்ப் பங்கிடப்படும் என்பதை எண்ண, இயற்பியல் அறிஞர் நீல்ஸ் போரும் கால்க்கரும் 1937இல் நாடியது அந்த வாய்பாட்டையே. வட்டத்தின் சுற்றளவுக்கு நாம் வகுப்பில் விட்டத்தை 22/7 ஆல் பெருக்குகிறோம். அந்தப் 'பை' என்னும் எண்ணுக்கு இராமானுஜன் 1914இல் வெளியிட்ட ஒரு தொடரைக் கொண்டு, 1985இல் கோஸ்பர் என்பவர் கணினி வழியே 1 கோடியே 70 இலட்சம் இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார். கணினி என்னும் சொல்லே பிறவாத காலத்தில் எழுதப்பட்ட சமன்பாடு அது.

ஜானகி அம்மையார் பின்னர்ப் பல்லாண்டுகள் தையல் தொழில் செய்து, திருவல்லிக்கேணியில் தம் காலிலேயே நின்று வாழ்ந்து, 1994இல் மறைந்தார். கணவரின் கடைசி ஆண்டுத் தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே ஹார்டியிடம் சென்றன. பின்னர் வாட்சன் என்னும் அறிஞரிடம் சேர்ந்தன. வாட்சன் 1965இல் இறந்தபோது அவர் அறையில் குவிந்து கிடந்த காகிதங்களுக்கிடையே அவை இருந்தன. தீக்கிரையாகாமல் தப்பி 1968இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தை அடைந்தன. 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கே ஒரு பெட்டியைத் திறந்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் அறுநூற்றுக்கு மேற்பட்ட சமன்பாடுகள், அதே கையெழுத்தில், நிறுவல் இன்றி இருக்கக் கண்டார். அவரும் புரூஸ் பெர்ண்டும் அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து, கற்பலகையில் முழங்கை அழித்த செய்வழிகளைப் புதிதாக எழுதி, 2005 முதல் 2018 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டனர்.